‘9413’ (1928): சமையலறையில் எழுந்த ஹாலிவுட் – காட்சிமொழியும் அதன் வாரிசுகளும்

#1 – தகரநகரம்

ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் (கோணல் அரங்குகளாலும் நிழல்களாலும் மனநிலையைக் காட்டும் பாணி) பற்றிய இழையில் ஒரு நண்பர், அமெரிக்காவின் மௌனப்படக் காலத்தில் காட்சி வடிவில் துணிந்த சோதனை என்று சொல்ல எதுவுமே இல்லை என எழுதியிருந்தார். அங்கேயே மறுத்தால் அந்த இழை திசைமாறிவிடும் என்பதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். மறுப்புக்கு எனக்கு ஒரே ஒரு குறும்படம் போதும். ராபர்ட் ஃப்ளோரேயும் ஸ்லாவ்கோ வோர்கபிச்சும் சேர்ந்து உருவாக்கி 1928இல் வெளியான, கால் மணி நேரம்கூட ஓடாத ‘9413 என்ற ஹாலிவுட் எக்ஸ்ட்ராவின் வாழ்வும் சாவும்’ என்ற படம் அது.

கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். நடிகராகும் கனவோடும் ஒரு சிபாரிசுக் கடிதத்தோடும் ஜோன்ஸ் என்பவர் ஹாலிவுட்டுக்கு வருகிறார். ஆள் எடுப்பவர் அவருடைய நெற்றியில் 9413 என்று எழுதிவிடுகிறார். அந்த நொடியிலிருந்து அவருக்குப் பெயர் கிடையாது. அவரைப் போலவே எண்ணாக இருந்த 15 என்பவர் முகமூடிகளைப் பிடித்து நடித்து மேலே போகிறார். அவருடைய நெற்றியில் நட்சத்திரம் ஏறுகிறது. 9413க்கு ‘இன்று ஆள் எடுக்கவில்லை’ என்ற பதிலே மீண்டும் மீண்டும் வருகிறது. பசியில் சாகிறார், கல்லறையிலும் எண்ணோடுதான் கிடக்கிறார், பிறகு சொர்க்கத்துக்குப் போகிறார், அங்கே அந்த எண் துடைக்கப்படுகிறது.

இனி நான் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்துக்கு ஆன செலவு 97 டாலர். அதில் நெகட்டிவ் பிலிமுக்கு 25, கடையில் வாங்கிய பொருள்களுக்கு 3, கழுவிப் பிரதி எடுப்பதற்கு 55, போக்குவரத்துக்கும் மற்ற சில்லறைச் செலவுகளுக்கும் 14. அதாவது, திரையில் நாம் பார்க்கும் ஹாலிவுட் நகரம் முழுவதும் 3 டாலர் மதிப்புள்ளது. வோர்கபிச்சின் வீட்டுச் சமையலறையில் அட்டை, சுருட்டுப் பெட்டி, வெட்டி வளைத்த தகர டப்பா, பொம்மை ரயில் ஆகியவற்றைக் கொண்டு அந்த நகரத்தை எழுப்பி, 400 வாட் விளக்கொளியில் படம்பிடித்தார்கள். (என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள், இங்கிருந்துதான்.)

மேசையளவு நகரத்துக்குள் கேமராவை ஓட்டிச் செல்ல இடமில்லை. ஆகவே கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஒளி நகர்கிறது. விளக்கு பக்கவாட்டில் போகும்போது தகரக் கோபுரங்களின் நிழல் நீண்டு, சாய்ந்து, அடுத்த கோபுரத்தின் மேல் ஏறி விழுகிறது. அசையாத பொருள் அசைவதாகத் தோன்றுகிறது என்பதைவிட, அந்த நகரம் எந்த நேரமும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, அதில் கால் வைக்க நிலையான மூலை எதுவும் இல்லை என்ற உணர்வே நமக்குள் வந்துவிடுகிறது. ஊருக்குப் புதிதாக வந்து வேலை தேடி அலைந்தவர்களுக்கு இந்த உணர்வை விளக்கவேண்டியதில்லை.

என்னுடைய வாதம் இதுதான்: அட்டையை வெட்டி வீடாக்குவதும், மனிதனின் நெற்றியில் எண் போட்டு அவனைக் கூட்டத்தில் ஓர் உருவமாக்குவதும் இந்தப் படத்தில் ஒரே செயல். ஊரும் ஆளும் ஒரே மலிவுப் பொருளால் செய்யப்பட்டவை. வறுமையால் நேர்ந்த உத்தி என்று மட்டும் இதைப் பார்த்தால் படத்தின் பாதியை இழந்துவிடுவோம்.

#2 – கடைசிவரிசை

படத்தை நானும் பார்த்திருக்கிறேன், பிடித்தும் இருந்தது. ஆனால் இரண்டு இடங்களில் தகரநகரம் அவர்களோடு உடன்பட முடியவில்லை.

முதலாவது, அந்த 97 டாலர். சினிமாவில் வேலை செய்யும் எவரும் அந்தக் கணக்கைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். உழைப்புக்குக் கூலி கிடையாது, கேமராவுக்கு வாடகை கிடையாது, நடித்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, இடம் சொந்த வீடு. அந்தக் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் எதைச் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறேன். ஹாலிவுட்டில் ஏற்கெனவே வேலையிலும் தொடர்பிலும் இருந்தவர்கள் எடுத்த படம் இது. வெளியே நின்ற எக்ஸ்ட்ரா ஒருவர் 97 டாலரோடு இதைச் செய்திருக்க முடியாது.

இரண்டாவது, காட்சிமொழி. சாய்ந்த கட்டடங்கள், கூர்மையான நிழல்கள், பொம்மைபோல் நடக்கும் மனிதர்கள் எல்லாம் 1920இல் வெளியான ஜெர்மன் படமான ‘டாக்டர் காலிகரியின் பேழை’யிலேயே இருக்கின்றன. எட்டு ஆண்டுகள் கழித்து அதையே சிறிய அளவில், மலிவாகச் செய்துகாட்டினால் அதற்குப் பெயர் சோதனை முயற்சியா, நகலா?

#3 – தகரநகரம்

கூலியில்லா உழைப்பு பற்றிச் சொன்னது முற்றிலும் சரி, ஏற்கிறேன். அந்த எண்ணை நான் விளம்பரம்போல் எழுதிவிட்டேன்.

காலிகரியைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பு உண்டு. காலிகரியில் நிழலைப் பெரும்பாலும் திரைச்சீலையிலும் தரையிலும் வண்ணத்தால் வரைந்திருப்பார்கள். நடிகர் எங்கே நடந்தாலும் அந்த நிழல் போட்ட இடத்திலேயே இருக்கும். அதன் பயங்கரமே அந்த அசையாமையில்தான். ‘9413’ படத்தில் நிழல் வரையப்பட்டதல்ல, விளக்கினால் விழுவது, ஆகவே ஓடுவது. ஒன்றில் உலகம் பைத்தியத்தின் மனநிலையில் உறைந்துகிடக்கிறது. மற்றதில் உலகம் நிற்கவே மாட்டேன் என்கிறது. இரண்டும் ‘சாய்ந்த கட்டடம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. காலிகரியின் மனிதர்கள் அந்தக் கோணல் தெருக்களுக்குள் உண்மையிலேயே நடக்கிறார்கள், கதவைத் திறக்கிறார்கள், படியேறுகிறார்கள். 9413 பெரும்பாலும் தன் நகரத்துக்குள் இல்லை. நகரம் மேசைமேல் இருக்கிறது. அவருடைய முகம் கறுப்புப் பின்னணிக்கு முன்னால் அண்மைக் காட்சியில் இருக்கிறது. இரண்டையும் படத்தொகுப்பின் வெட்டுதான் ஒட்டுகிறது. அவர் அந்த ஊரைப் பார்க்கிறார், ஊர் அவரை உள்ளே விடுவதில்லை. இதை வசனம் எழுதிச் சொல்லவேண்டிய தேவையே படத்துக்கு வரவில்லை.

அந்தக் கறுப்புப் பின்னணியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். செட் போடப் பணம் இல்லாதவன் செய்யும் முதல் காரியம், பின்னால் கறுப்புத் துணி கட்டுவதுதான். ஆனால் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒளி விழுந்து, மற்ற பக்கம் அப்படியே இருளில் கரைந்துவிடும்போது, நெற்றியில் இருக்கும் எண் முகத்தைவிடத் தெளிவாகத் தெரிகிறது. அண்மைக் காட்சிகளை எடுத்தவர் கிரெக் டோலண்ட். அப்போது அவருக்கு 23 வயது. ஜார்ஜ் பார்ன்ஸ் என்ற ஒளிப்பதிவாளரின் உதவியாளர்.

#4 – எடிட்டர்மேசை

தொழில்முறையில் படத்தொகுப்பு செய்பவன் என்பதால் விவாதத்தை வெட்டுப் பக்கம் கொஞ்சம் இழுக்கிறேன்.

இந்தப் படத்தின் தாளம் தற்செயலானதல்ல. ஃப்ளோரே, அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ என்ற இசைப்படைப்பில் ஆழ்ந்துபோயிருந்தார். அதன் அசைவுக்கு ஏற்ப நகரும் படம் ஒன்றை எடுக்கவேண்டும் என்பதே அவருடைய தொடக்க எண்ணம். அந்த இசை 1924இல் முதன்முதலாக மேடையேறியபோது அதைப் பற்றிப் பேசப்பட்டதெல்லாம் அது ஜாஸா, கச்சேரி இசையா என்பதைப் பற்றித்தான். ஆனால் படத்தொகுப்பாளனின் காதுக்கு அதில் கேட்பது வேறு. ஒரு மெட்டைத் தொடங்கி, அது முற்றுப்பெறும் முன்பே உடைத்து, வேறு வேகத்தில் வேறு மெட்டுக்குத் தாவி, பிறகு எதிர்பாராத இடத்தில் பழைய மெட்டுக்குத் திரும்பிவரும் முறை அது. ‘இன்று ஆள் எடுக்கவில்லை’ என்ற காட்சி படத்தில் திரும்பத் திரும்ப வருவதை நாம் வழக்கமாகக் கதையின் பகுதியாகப் பார்க்கிறோம். அதைப் பல்லவியாகக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வார்த்தை அதேதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் வருபவை குறுகிக்கொண்டே போவதால், அதே வார்த்தை முந்தைய முறையைவிடச் சீக்கிரமாக வந்து முகத்தில் அறைகிறது.

முகமூடிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 15 என்பவரின் நடிப்பைக் காட்டவேண்டிய இடத்தில் படம் அவரை நடிக்கவே விடுவதில்லை. காகித முகமூடிகளை முகத்துக்கு நேரே மாற்றி மாற்றிப் பிடிக்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. நடிப்பு என்பது ஒரு முகத்துக்குள் ஒரு பாவம் இன்னொன்றாக மாறுவது. அந்த மாற்றம் நிகழும் இடைவெளியை முகமூடி அழித்துவிடுகிறது. ஒரு பாவம் இருக்கும், அடுத்த கணம் வேறு பாவம் இருக்கும், நடுவில் ஒன்றுமில்லை. அதுதானே வெட்டு? அதாவது, படத்தொகுப்பு செய்யவேண்டிய வேலையை அவர் கையாலேயே செய்துகாட்டுகிறார். நட்சத்திரம் என்பவர் ஏற்கெனவே துண்டுதுண்டாக வெட்டப்பட்ட மனிதர் என்று இதை நான் வாசிக்கிறேன். மற்றவர்கள் வேறுவிதமாக வாசிக்கலாம்.

இதே வோர்கபிச் பின்னாளில் என்ன ஆனார் என்பதில்தான் இந்தப் படத்தின் உண்மையான வாரிசு இருக்கிறது. முப்பதுகளில் அவர் பெரிய ஸ்டூடியோக்களுக்கு ‘மாண்டாஜ்’ காட்சிகளை மட்டும் தனியாகச் செய்துகொடுக்கும் நிபுணரானார். பல ஆண்டுகளை அரை நிமிடத்தில் கடத்துவது, பஞ்சத்தையோ போரையோ பங்குச்சந்தை வீழ்ச்சியையோ பத்துப் பதினைந்து துண்டுகளில் சொல்லிவிடுவது போன்ற வேலை. திரைக்கதையில் அப்படிப்பட்ட இடம் வந்தால் ‘இங்கே ஒரு வோர்கபிச்’ என்று எழுதும் அளவுக்கு அவருடைய பெயரே பொதுச்சொல்லாகிவிட்டது. 1934இல் வெளியான ‘கிரைம் வித்தவுட் பேஷன்’ படத்தின் தொடக்கத்தில், நகரத்தின் மேல் பழிதேவதைகள் பறந்துவரும் காட்சி அவருடையது. 1939இல் ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ படத்தில் நாயகன் தலைநகரைச் சுற்றிப்பார்க்கும் தொகுப்பும் அவருடையது.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். வெகுளியான ஒருவன் பெரிய ஊருக்கு முதன்முறையாக வருகிறான். கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று கரைந்து கண்முன் எழுகின்றன. ஜோன்ஸ் ஹாலிவுட்டுக்கு வந்த அதே காட்சிதான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த மனிதனை நசுக்கப் பயன்பட்ட உத்தி, இப்போது அவனை மெய்சிலிர்க்க வைக்கப் பயன்படுகிறது.

#5 – துணைப்பாத்திரம்

ஒரு சிறு குறிப்பு. தலைப்பில் ‘எக்ஸ்ட்ரா’ என்ற சொல்லை அப்படியே வைத்தது நல்லது. ‘துணை நடிகர்’ என்று மொழிபெயர்த்தால் அந்த மரியாதை உள்ளே புகுந்துவிடுகிறது. கோடம்பாக்கத்திலும் பழைய ஆட்கள் எக்ஸ்ட்ரா என்றுதான் சொல்வார்கள். தேவைக்கு மேல் மிஞ்சியது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

‘இன்று ஆள் எடுக்கவில்லை’ என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. எக்ஸ்ட்ராக்கள் ஸ்டூடியோ வாசல்தோறும் காத்துக்கிடப்பதையும், தரகர்கள் அவர்களைச் சுரண்டுவதையும் ஒழுங்குபடுத்துவதற்காக, ஸ்டூடியோக்கள் சேர்ந்து 1925இன் கடைசியில் ‘சென்ட்ரல் காஸ்டிங்’ என்ற அமைப்பை உருவாக்கின. அதில் பதிவு செய்தவர்கள் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கூப்பிட்டு வேலை உண்டா என்று கேட்கவேண்டும். மறுமுனையில் இணைப்பகத்தில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலான நேரம் இல்லை என்பார், அடுத்த அழைப்பை எடுப்பார். வாசலில் நின்றவர்களுக்குக் குறைந்தபட்சம் முகமாவது இருந்தது. தொலைபேசி வந்த பிறகு குரல் மட்டும்தான். இந்தப் படம் எடுக்கப்பட்டபோது அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வயது. ஆகவே நெற்றியில் எண் எழுதுவது வெறும் கற்பனை உருவகம் அல்ல. அன்றைய அலுவலக நடைமுறையை ஒரு படி மிகைப்படுத்தியதுதான்.

#6 – ஊமைப்படம்

இளையவர்கள் பேசுவதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. மூன்று விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

எக்ஸ்ட்ராவாக நடித்தவர் ஜூல் ரோகூர் என்ற பெல்ஜிய நடிகர். அவர் 1918இல் மோரிஸ் டூர்னர் இயக்கிய ‘ப்ரூனெல்லா’ படத்தில் மார்கரெட் கிளார்க் என்ற பெரிய நட்சத்திரத்துக்கு இணையாகப் பியரோ என்ற சோகக் கோமாளி வேடத்தில் நடித்தவர். பத்தே ஆண்டுகளில் ஒரு சமையலறையில், நெற்றியில் எண்ணோடு. அந்த முகத்தில் தெரியும் களைப்பு முழுவதும் நடிப்புதானா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அடுத்தது, படம் வெளியே வந்த விதம். ஃப்ளோரே பாரிஸில் பிறந்தவர்; 1921இலேயே ஹாலிவுட்டுக்கு வந்து பத்திரிகைக்கு எழுதியும் விளம்பர வேலை பார்த்தும் எல்லோரையும் அறிந்துவைத்திருந்தார். சாப்ளின் இந்தப் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய்த் தன் வீட்டிலேயே ஹாலிவுட் பெரும்புள்ளிகளை அழைத்துத் திரையிட்டார். தங்கள் தொழிலின் கொடுமையைச் சொல்லும் படத்தை அந்தத் தொழிலின் முதலாளிகளே உட்கார்ந்து ரசித்தார்கள் என்பது அந்த ஊருக்கே உரிய வேடிக்கை. பிறகு எஃப்.பி.ஓ. என்ற நிறுவனம் இதை விநியோகத்துக்கு எடுத்துக்கொண்டது. சோதனைப் படம் என்றால் நாலு பேர் கூடும் சங்கத்தில் ஓடுவது என்று இன்று நாம் நினைக்கிறோம்; இது சாதாரண தியேட்டர்களில், சாதாரண ரசிகர்களுக்கு முன்னால் ஓடியது. அந்த எஃப்.பி.ஓ.வே 1928 இறுதியில் ஆர்.கே.ஓ. என்ற பெரிய நிறுவனத்துக்குள் இணைந்தது. ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தை எடுத்தது அதே ஆர்.கே.ஓ.தான், ஒளிப்பதிவு அதே டோலண்ட்தான்.

மூன்றாவது, இது யாருடைய படம் என்ற சண்டை. கதையும் இயக்கமும் தன்னுடையவை என்பது ஃப்ளோரேயின் நிலை. தன் பங்கு மிகப் பெரியது, வடிவமைப்பும் ஒளிப்பதிவும் தொகுப்பும் தன் கைவண்ணம் என்பது வோர்கபிச் பிற்காலத்தில் சொன்னது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் இருவரும் பிரிந்தபிறகு செய்தவற்றைப் பார்த்தால் ஓரளவு புரியும். ஃப்ளோரே அதே 1928இல் வில்லியம் கேமரன் மென்சீஸின் அரங்க வடிவமைப்போடு ‘த லவ் ஆஃப் ஸீரோ’ எடுத்தார். அதில் கோணல் அரங்குகளும் சோகமான தனிமனிதனும் இருக்கிறார்கள், ஆனால் வெட்டில் இந்த வெறி இல்லை. அடுத்த ஆண்டு ‘ஸ்கைஸ்கிரேப்பர் சிம்பொனி’யில் உண்மையான நியூயார்க் கோபுரங்களைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்தார். வோர்கபிச்சிடமோ அந்த வெட்டு கடைசிவரை இருந்தது, அந்த மனிதன் காணாமல்போனான். பெலா லுகோசி நடித்த ‘மர்டர்ஸ் இன் த ரூ மார்க்’ என்ற 1932ஆம் ஆண்டுப் படத்திலும் ஃப்ளோரே கோணல் கூரைகளை விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#7 – கடைசிவரிசை

ஊமைப்படம் ஐயாவின் மூன்றாவது குறிப்பு என் கருத்தைச் சற்று மாற்றிவிட்டது. ‘நகல்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வரைந்த நிழலுக்கும் விழும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை நான் கவனித்திருக்கவில்லை. நேற்றிரவு இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன், தகரநகரம் சொன்னது சரிதான்.

ஆனால் டோலண்ட் வழியாக ‘சிட்டிசன் கேன்’ வரை ஒரு கோடு இழுப்பது எனக்கு ஒப்பவில்லை. கேனில் டோலண்டின் சாதனை என்று நாம் சொல்வது ஆழக் குவியம்: அருகில் இருப்பவரும் தூரத்தில் இருப்பவரும் ஒரே சட்டத்துக்குள் ஒரே தெளிவில் தெரிவது, கூரையுள்ள அறைகள், வெட்டாமல் நீளும் காட்சி. ‘9413’ படத்தின் இலக்கணம் இதற்கு நேர் எதிர். ஆழமே இல்லாத கறுப்பு, தனித்து நிற்கும் முகம், ஓயாத வெட்டு. ஒரே மனிதர் இரண்டிலும் வேலை செய்தார் என்பதற்காக ஒன்று மற்றதன் தாய் ஆகிவிடாது. திரைப்பட வரலாறு எழுதுபவர்களுக்கு இந்த வம்சாவளிப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

கேனில் இந்தக் குறும்படத்தின் சாயல் எங்காவது இருக்கிறது என்றால், அது நாயகனின் மனைவி சூசன் ஊர் ஊராகப் பாடும் தொகுப்புக் காட்சியில் இருக்கிறது. செய்தித்தாள் தலைப்புகள், அவளுடைய முகம், மினுக்கும் விளக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் விளக்கின் இழை மங்கி அணைய, குரலும் சேர்ந்து தேய்ந்துபோகும். அது டோலண்டின் வழி வந்ததல்ல, வோர்கபிச் ஊரெல்லாம் பழக்கிவிட்ட மொழி.

#8 – எடிட்டர்மேசை

கடைசிவரிசை சொன்னதை முழுதாக ஏற்கிறேன். ஒரு சிறு திருத்தம் மட்டும்: கறுப்புக்குள் முகத்தின் பாதியை மூழ்கவிடும் துணிச்சல் கேனில் திரையிடல் அறைக் காட்சியில் இருக்கிறது, நிருபர்களின் முகமே தெரியாது. அதற்கும் சமையலறைக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்க முடியாது, ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. சோவியத் இயக்குநர்கள் வெட்டைப் பயன்படுத்தியது பார்வையாளரைச் சிந்தனைக்குள் தள்ளுவதற்காக. ‘9413’ படத்திலும் அது இருக்கிறது: சாகும் மனிதனையும் கத்தரிக்கோல் பிலிமை வெட்டுவதையும் பக்கத்தில் வைக்கும்போது, அவனை யார் வெட்டினார்கள் என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது. ஸ்டூடியோக்கள் இதே வெட்டை எடுத்துக்கொண்டபோது அந்தக் கேள்வியை மட்டும் கழற்றிவிட்டன. நாட்காட்டித் தாள் பறப்பதும், ரயில் சக்கரம் சுழல்வதும், தலைப்புச் செய்தி சுழன்று வந்து நிற்பதும் யாரையும் எதையும் கேட்பதில்லை. கதையின் சலிப்பான பகுதியை விரைந்து கடத்திவிடுகின்றன. நானும் தினமும் அந்த வேலையைத்தான் செய்கிறேன், ஆகவே இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து அப்படி ஒரு தொகுப்பை முடித்து அனுப்பும்போது அந்தக் கத்தரிக்கோல் சில நேரம் நினைவுக்கு வரும்.

வோர்கபிச்சுக்கே இது மனநிறைவைத் தரவில்லை போலும். 1949 முதல் சில காலம் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறைக்குத் தலைமை வகித்தார்; அறுபதுகளில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், சினிமா தன் காட்சிமொழியை இன்னும் கண்டுபிடிக்கவே இல்லை என்ற தொனியில் தொடர் உரைகள் ஆற்றினார்.

#9 – வெள்ளித்திரை87

இழையைப் படித்துவிட்டு நேற்றுதான் படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். எல்லோரும் புகழ்கிறீர்கள், ஆனால் அந்தச் சொர்க்கக் காட்சி எனக்குப் பிடிக்கவே இல்லை. அவ்வளவு கசப்பான படத்துக்குக் கடைசியில் சிறகு முளைப்பது எதற்கு? கல்லறையிலேயே முடித்திருக்கலாமே?

இன்னொன்று, நான் பார்த்த பிரதியில் எல்லோரும் அவசர அவசரமாக ஓடுவதுபோல் இருந்தது. மூலமே அப்படித்தானா?

#10 – தகரநகரம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். மௌனப் படங்களுக்கு ஒரே நிலையான ஓட்டவேகம் கிடையாது. எந்தப் பிரதி எந்த வேகத்தில் மாற்றப்பட்டது என்பதைப் பொறுத்து இந்தப் படத்தின் நீளமே நிமிடக் கணக்கில் மாறுகிறது. இயந்திரத்தனமான நடை ஓரளவு வேண்டுமென்றே செய்யப்பட்டது, ஆனால் அளவுக்கு மீறி விரைந்தால் பிரதியின் குறைதான். இரண்டு மூன்று பிரதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 1997இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட படம் என்பதால் ஓரளவு நல்ல பிரதிகள் கிடைக்கின்றன. ‘ராப்சடி’யை உடன் ஓடவிட்டுப் பார்க்க நினைத்தால் ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1920களின் இசைத்தட்டுகளில் இரண்டு பக்கத்துக்குள் அடக்குவதற்காக ஏறக்குறைய ஒன்பது நிமிடமாகச் சுருக்கிவிட்டார்கள், முழு இசையோ பதினைந்து நிமிடத்தைத் தாண்டும். இரண்டுமே படத்தோடு சரியாகப் பொருந்தாது. ஒலியில்லாமல் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு எதையும் முயலுங்கள்.

சொர்க்கம் பற்றி நானும் முதல்முறை உங்களைப் போலத்தான் நினைத்தேன். அப்புறம் அந்தக் காட்சி எதனால் செய்யப்பட்டது என்று பார்த்தேன். பூமியில் இருந்த நகரம் எந்தப் பொருளால் ஆனதோ, சொர்க்கமும் அதே பொருளால்தான் ஆனது: அட்டை, காகிதம், கொஞ்சம் மினுமினுப்பு, அதே விளக்கு. கீழே நிழல் அதிகம், மேலே ஒளி அதிகம், அவ்வளவுதான் வேறுபாடு. ஹாலிவுட் படம் எப்படி முடியவேண்டும் என்று ஹாலிவுட் எதிர்பார்க்கிறதோ அப்படியே முடித்துவைத்திருக்கிறார்கள். வேலை கிடைக்காமல் செத்தவனுக்குக் கடைசியில் கிடைத்ததும் ஒரு செட்டுதான்.

ஆனால் எண்ணைத் துடைக்கும் அந்த ஒரு கணத்தை என்னால் கிண்டலாக மட்டும் பார்க்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எழுதியதும் கை, துடைப்பதும் கை. நெற்றி வெறுமையானதும் ரோகூரின் முகம் முதன்முறையாக முழு ஒளியில் வருகிறது.

#11 – வெள்ளித்திரை87

வேறு பிரதி ஒன்று கிடைத்தது, ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். வேகம் சரியாக இருந்தது. சொர்க்கம் இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே தெரியும் ஒரு கோபுரம் தொடக்கத்தில் வந்த தகரக் கோபுரம்தானா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.